கொம்பில் செய்த பிள்ளை

காவடி எடுக்கிற வீடுகளில் ஆடி மாதம் நிம்மதியான மாதம். ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலைக்குப் புஷ்பக் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்ட ஆண்கள் விரதத்தைத் தொடங்கிவிட்டால் கறி, மீன் கிடையாது; முக்கியமாகக் குடி கிடையாது. இரண்டு வேளையும் குளியல், நெற்றி நிறைய விபூதி, வாயில் கெட்ட வார்த்தை வரக் கூடாது என்கிற கட்டுப்பாடு. அந்த நாட்களில் சில வீட்டுப் பிள்ளைகள் படுத்ததும் தூங்கிவிடுவார்கள். மற்ற நாட்களில் அவர்கள் அப்படித் தூங்குவதில்லை. ஊரெல்லாம் கிருத்திகை எப்போது வரும் என்று காத்திருக்க, அது வந்துவிடக் கூடாதே என்று ஒரு பிள்ளை நினைத்துக்கொண்டிருக்கும். காவடியை மலையில் இறக்கியதும் விரதமும் இறங்கிவிடும் என்று அதற்குத் தெரியும். கார்த்திகையில் சபரிமலைக்கு மாலை போடுகிற வீடுகளிலும் இதே கணக்குத்தான்.

சூரபத்மனோடு போர் முடித்து வந்த முருகன் சினம் ஆறி அமர்ந்த மலை திருத்தணி என்பது தலபுராணம். அதனால்தான் கந்த சஷ்டியன்று மற்ற முருகன் கோயில்களில் சூரசம்ஹாரம் நடக்கும்போது திருத்தணியில் அது நடப்பதில்லை. சுவாமிக்குப் புஷ்பாஞ்சலி மட்டும் நடக்கும். கோபத்தைக் கொண்டுபோய் இறக்கிவைக்கிற இடம் என்று நம்பித்தான் இத்தனை பேர் 365 படிகளையும் ஏறுகிறார்கள். அந்த நம்பிக்கை பெரிது. விரத நாட்களில் அது பலிக்கிறது என்று பிள்ளைகளே சாட்சி சொல்வார்கள். வாய் திறந்து கேட்காவிட்டாலும் அவர்கள் மனசுக்குள் ஒரு கேள்வி ஓடிக்கொண்டிருக்கும்: இத்தனை நாள் முடிந்தது, மீதி நாள் ஏன் முடியவில்லை?

"குடிச்சாத்தான் அது அப்படி, குடிக்கலன்னா தங்கமான மனுசன்" என்று பாட்டி சொல்வாள், பக்கத்து வீட்டுக்காரி சொல்வாள், சில நேரம் அம்மாவே சொல்வாள். பிள்ளை வேறொன்றைப் பார்த்திருக்கும். அதே குடியோடு தறி முதலாளி எதிரே வந்தால் அப்பா துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு ஒதுங்கி நிற்பார். ரோந்து வரும் போலீஸ்காரரைக் கண்டால் 'சார்' என்பார். வீட்டு நிலைப்படியைத் தாண்டிய பிறகுதான் கை ஓங்கும். கால் தள்ளாடினாலும் யாரை அடிக்கலாம், யாரை அடிக்கக் கூடாது என்பதில் அந்தக் கைக்குத் தடுமாற்றமே இருப்பதில்லை. குடியே இல்லாத வீடுகளும் இருக்கின்றன. அங்கே அப்பா மாதக்கணக்கில் அம்மாவிடம் பேசமாட்டார். அவளுடைய போனை வாங்கிப் பார்ப்பார். பிள்ளைகளுக்குச் சோறு போட்டுக்கொண்டிருக்கும்போது அவள் பிறந்த வீட்டைப் பற்றிக் கேவலமாகப் பேசுவார். உடம்பில் காயம் இல்லாததால், நடப்பது தப்புத்தான் என்று தனக்கே உறுதி சொல்லிக்கொள்ளப் பிள்ளைக்கு ஆதாரம் கிடைப்பதில்லை. குடியின்மேல் பழியைப் போடும்போது இந்த வீடுகள் கண்ணில் படாமலே போய்விடுகின்றன.

2019–21இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயதுக்குள் உள்ள, திருமணமான பெண்களில் 38.1 சதவீதம் பேர் கணவனின் வன்முறையை எப்போதாவது அனுபவித்தவர்கள். இந்திய சராசரி 29.3. படிப்பிலும் மருத்துவத்திலும் முன்னால் நிற்பதாகப் பெருமைப்பட்டுக்கொள்கிற மாநிலத்தின் கணக்கு இது. அந்த வீடுகளில் எத்தனை பிள்ளைகள் அன்றிரவு விழித்துக்கொண்டிருந்தார்கள் என்று இந்தக் கணக்கில் இல்லை. ஆனால் அதே கணக்கெடுப்பில் பெண்களிடம் ஒரு கேள்வி கேட்கிறார்கள்: உங்கள் அப்பா உங்கள் அம்மாவை அடித்ததுண்டா? ஆம் என்று சொன்ன பெண்களிடையே கணவனிடம் அடிவாங்குபவர்களின் விகிதம் மற்றவர்களைவிட மிகவும் அதிகம். அந்தப் பிள்ளையிடம் அரசாங்கம் இந்தக் கேள்வியைக் கேட்க, அது வளர்ந்து பெரியவளான பிறகுதான் நேரம் வாய்க்கிறது. உலக அளவில் ஒரு மதிப்பீடு உண்டு. வீட்டுக்குள் வன்முறையைக் கண்டு வளரும் பிள்ளைகள் 27.5 கோடி வரை இருக்கலாம் என்று யுனிசெஃப் 2006இல் சொன்னது.

'கண்டு வளரும்' என்று எழுதினாலும், அவர்கள் முதலில் கேட்கிறார்கள், பார்ப்பது பிறகுதான்.

திருத்தணியைச் சுற்றி அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டை, ஆர்.கே.பேட்டை என்று விசைத்தறி ஊர்கள். வீட்டை ஒட்டியே தறிக்கொட்டகை இருக்கும். தறி ஓடும்போது பக்கத்தில் நிற்கிறவரிடம்கூடக் கத்தித்தான் பேச வேண்டும். உள்ளே ஒருத்தி அலறினாலும் தெருவுக்குக் கேட்காது. கரண்ட் போய்த் தறிகள் நின்றுவிட்டால் தெருவுக்கே கேட்கும். பிள்ளைக்கு இரண்டும் பயம்தான். யாருக்கும் கேட்கவில்லையே என்று ஒரு பயம். எல்லாருக்கும் கேட்டுவிட்டதே, நாளைக்குத் தெருவில் எப்படி நடப்பது என்று இன்னொரு பயம். அந்தச் சத்தத்துக்குள்ளேயே அது தனக்கு வேண்டிய சத்தத்தைப் பிரித்துக் கேட்கப் பழகிவிடும். வண்டி ஸ்டாண்ட் போடுகிற விதம், செருப்பைக் கழற்றி எறிகிற விதம், தாழ்ப்பாளில் கை படுகிற விதம், 'சோறு இருக்குதா' என்கிற கேள்வி எந்தக் குரலில் வருகிறது என்பது. இன்றைக்கு எப்படி என்று அம்மாவுக்குத் தெரிவதற்கு முன்னால் பிள்ளைக்குத் தெரிந்துவிடும்.

2011இல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஈமன் மெக்ரோரி என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் குடும்ப வன்முறையில் வளர்ந்த பிள்ளைகளின் மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். கோபமான முகங்களின் படங்களைக் காட்டியபோது, ஆபத்தை உணரும் பகுதிகள் அந்தப் பிள்ளைகளிடம் மற்றப் பிள்ளைகளைவிட அதிகமாகத் துடித்தன. போர்க்களத்தில் இருந்துவந்த சிப்பாய்களிடம் முன்பே காணப்பட்ட மாற்றம் அது. அந்தப் பிள்ளைகளுக்கு மனநோய் எதுவும் இல்லை என்பது ஆய்வின் முக்கியமான செய்தி. அவர்கள் நன்றாகத்தான் இருந்தார்கள். அவர்களுடைய உடம்பு மட்டும் காவல் காத்துக்கொண்டிருந்தது. இதற்கு முன்பே, 1998இல், அமெரிக்காவில் வின்சென்ட் ஃபெலிட்டியும் ராபர்ட் ஆண்டாவும் வெளியிட்ட ஆய்வு, சிறுவயதுக் கொடுமைகளுக்கும் வயதான பிறகு வரும் இதயநோய், மனச்சோர்வு, போதைப் பழக்கம் போன்றவற்றுக்கும் உள்ள தொடர்பைக் காட்டியது. அவர்கள் எடுத்துக்கொண்ட கொடுமைகளின் வகைகளில் ஒன்று, அம்மா அடிபடுவது. பிள்ளைமேல் ஒரு கைகூடப் படாமல் இருந்தாலும் அது கணக்கில் வந்தது.

கேட்பதோடு பிள்ளை நிற்பதில்லை. அதற்கு அந்த வீட்டில் வேலை இருக்கிறது. சாயங்காலமே அரிவாள்மணையையும் கத்தியையும் எடுத்து ஒளித்துவைக்கும். தம்பியைப் பக்கத்து வீட்டு ஆயாவிடம் விட்டுவிட்டு வரும். சின்னதுகள் அழுதால் வாயைப் பொத்தும். அப்பா சந்தோஷமாக இருக்கட்டும் என்று பரீட்சை பேப்பரைக் காட்டும். காட்டக் கூடாத நேரத்தைக் கண்டுபிடித்து மறைக்கும். 'உங்கம்மா யாருகூடப் பேசுனா' என்று அப்பா கேட்டால் ஒற்றனாக வேண்டும். 'போயி அப்பாவைக் கூட்டியா' என்று அம்மா சொன்னால் மதுக்கடை வாசலுக்குப் போக வேண்டும். நடுவே புகுந்து அடியைத் தான் வாங்கிக்கொள்கிற பிள்ளைகளும் உண்டு. பெரும்பாலும் மூத்த பெண்கள்தான் இந்த வேலைகளைச் செய்கிறார்கள். அவர்களைப் பார்த்து ஊர் 'பொறுப்பான பொண்ணு' என்கிறது. எனக்கு அந்தப் பாராட்டைக் கேட்டால் வயிறு எரிகிறது. ஒன்பது வயதில் வர வேண்டிய பொறுப்பா அது?

அடிபட்ட அம்மாவின் கோபம் பிள்ளைமேல் இறங்குவதும் உண்டு. இதை எழுதாமல் விட்டால் பிள்ளைகளுக்குச் செய்கிற துரோகமாகிவிடும். இரவு அப்பாவிடம் வாங்கியதைக் காலையில் அம்மா திருப்பிக் கொடுப்பது பிள்ளையிடம்தான்; கொடுத்த பிறகு கட்டிக்கொண்டு அழுவதும் பிள்ளையைத்தான். இரண்டையும் சேர்த்து எப்படிப் புரிந்துகொள்வது என்று அதற்கு யாரும் சொல்லித்தருவதில்லை.

பழியைத் தன்மேல் போட்டுக்கொள்வது இன்னும் கொடுமை. சண்டை தொடங்கிய கணத்தில் கண்ணில் பட்டது எதுவோ அதுவே காரணம் என்று சின்னப் பிள்ளை நம்பும். நோட்டு வாங்கக் காசு கேட்டோம், அதனால்தான். தட்டில் சோறு மிச்சம் வைத்தோம், அதனால்தான். தம்பி அழுதான், நான் சமாதானம் செய்யவில்லை, அதனால்தான். நாளைக்கு நான் சரியாக இருந்தால் அம்மாவுக்கு அடி விழாது. இந்தக் கணக்கு ஒவ்வொரு நாளும் தப்பாகப் போனாலும் பிள்ளை கணக்கை விடாது. விட்டுவிட்டால், தன்னால் எதையும் தடுக்க முடியாது என்று ஆகிவிடும். அதைவிடத் தான் குற்றவாளியாக இருப்பதே தாங்கக்கூடியதாக இருக்கிறது.

அப்பாவை அதற்குப் பிடிக்கவும் செய்யும். இதைப் பெரியவர்களால் ஏற்கவே முடிவதில்லை. சின்னவயதில் தோளில் தூக்கிவைத்துக்கொண்டு மலையேறியவர் அவர்தான். படியை எண்ணச் சொல்லித்தந்தவர், சரவணப்பொய்கையில் தெப்பம் பார்க்கக் கூட்டத்துக்கு மேலே தூக்கிப் பிடித்தவர், கடையில் மொச்சையும் பொரியும் வாங்கித் தந்தவர். அந்த மனிதரும் ராத்திரி வருகிறவரும் ஒரே ஆள் என்பதைப் பிள்ளை தினமும் புதிதாகத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. 'உனக்கு யாரைப் புடிக்கும், அப்பாவையா அம்மாவையா' என்று விளையாட்டாகக் கேட்கிறார்களே, அந்தக் கேள்விக்கு அந்த வீட்டில் விளையாட்டாகப் பதில் சொல்ல முடியாது.

காலையில் வளையல் துண்டுகளைப் பெருக்கித் தள்ளியாகிவிடும். அடுப்பு மட்டும் பற்றியிருக்காது. இரவு அடிதடி நடந்த வீட்டில் மறுநாள் காலை சமையல் நடக்காமலே போவதுண்டு. அரசுத் தொடக்கப்பள்ளிகளில் 2022 செப்டம்பரில் தொடங்கி 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுக்க விரிந்த காலை உணவுத் திட்டத்தைப் பற்றிப் பேசுபவர்கள் வறுமையைச் சொல்கிறார்கள், வேலைக்கு அவசரமாகப் போகும் தாய்மார்களைச் சொல்கிறார்கள். இந்தப் பிள்ளைகளையும் அதில் சேர்க்க வேண்டும். நேற்றிரவு சாப்பாட்டுத் தட்டு பறந்த வீட்டிலிருந்து வருகிற பிள்ளைக்கு அந்த உப்புமாவும் கிச்சடியும் அன்றைய முதல் அமைதியான கவளம்.

அங்கிருந்து அது வகுப்புக்குப் போகிறது. வீட்டுப்பாடம் எழுதியிருக்காது. இரண்டாவது பீரியடில் கண் சொக்கும். முதுகுக்குப் பின்னால் டஸ்டர் விழுந்தால் தூக்கிவாரிப்போடும். சாயங்காலம் மணி அடிக்கிற நேரத்தில் வயிறு வலிக்கிறது என்னும். டாக்டர் பார்த்தால் வயிற்றில் ஒன்றும் இருக்காது. லீவு என்று சொன்னால் மற்றவர்கள் கத்தும்போது இது பேசாமல் இருக்கும். ரொம்பக் கேட்டால், 'வீட்ல சண்டை, மிஸ்' என்று சொல்லும். யார் யாரை என்பது அதில் இருக்காது. வீட்டை விட்டுக்கொடுக்காமல் உண்மை சொல்ல ஒரு பிள்ளையால் முடிந்தது அவ்வளவுதான். அதைக் கேட்டுவிட்டு 'சரி, உட்காரு' என்று சொல்வதா, மதியம் தனியாகக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைப்பதா என்பதில்தான் ஓர் ஆசிரியர் யார் என்பது இருக்கிறது. ஆசிரியர் தினத்துக்குப் பிறந்தநாளைத் தந்த ராதாகிருஷ்ணன் 1888இல் பிறந்தது இந்தத் திருத்தணியில். வருஷா வருஷம் செப்டம்பர் 5 அன்று மாலை போட்டுப் பேசுகிற மேடைகளில், வீட்டுக்கு வெளியே இந்தப் பிள்ளையை முதலில் பார்க்கிற பெரியவர் ஆசிரியர்தான் என்பதையும் யாராவது பேச வேண்டும்.

இது எல்லை ஊர் என்பதால் இன்னொரு சிக்கல் உண்டு. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. ம.பொ.சி.யும் அவரோடு நின்றவர்களும் போராடிப் பெற்றது அது. கோடு ஊருக்கு வெளியே விழுந்தது. சொந்தங்கள் கோட்டின் இரண்டு பக்கமும் இருந்தன, இன்றும் இருக்கின்றன. பொன்பாடி தாண்டினால் ஆந்திரம். நகரியிலோ புத்தூரிலோ பெண் எடுத்த வீடுகள், கொடுத்த வீடுகள் இங்கே ஏராளம். அப்பாவை 'நைனா' என்று கூப்பிட்டுப் பள்ளியில் தமிழில் படிக்கிற பிள்ளைகள் பலர். அடிதாங்காமல் அம்மா பிள்ளைகளோடு ரயிலேறித் தாய்வீட்டுக்குப் போய்விட்டால், பிள்ளை ஒரே ராத்திரியில் வேறு மாநிலத்தில் இருக்கும். அங்கே பள்ளிக்கூடம் தெலுங்கில். வீட்டில் பேசத் தெரிந்த தெலுங்கை அதற்கு எழுதத் தெரியாது. இரண்டு நாள், மூன்று நாள், ஒரு வாரம். 'புள்ளை படிப்பு கெட்டுப்போவுது' என்று யாராவது ஒருவர் சொல்வார்கள். அம்மா திரும்பி வந்துவிடுவாள். எல்லைக்கு அந்தப் பக்கம் போனால் இந்தப் பக்கத்துக் கேஸ் செல்லாது என்று பயமுறுத்துகிறவர்கள் உண்டு. அது உண்மையில்லை. குடும்ப வன்முறைச் சட்டத்தின் 27ஆவது பிரிவின்படி, பாதிக்கப்பட்ட பெண் நிரந்தரமாகவோ தற்காலிகமாகவோ எங்கே தங்கியிருக்கிறாளோ அங்குள்ள நீதிமன்றத்திலேயே மனு போடலாம். நகரியிலும் போடலாம், திருத்தணியிலும் போடலாம். ஆனால் அவளைத் திரும்ப இழுத்துவருவது சட்டம் தெரியாதது மட்டும் இல்லை. 'பிள்ளைக்காக' என்பதுதான்.

"புள்ளைங்க மூஞ்சியப் பாத்தாவது பொறுத்துப் போம்மா."

இந்த வாக்கியத்தை நம் ஊரில் சொல்லாத பெரியவர் இல்லை. நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். மாமியார் சொல்கிறாள், பெற்ற தாய் சொல்கிறாள், ஊர்ப் பெரியவர் சொல்கிறார், காவல் நிலையத்தில் சமாதானம் பேசிக் கையெழுத்து வாங்கி அனுப்பும்போது சொல்கிறார்கள். ஆயிரம்விளக்கில் 1992இல் தன் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையத்தைத் திறந்த மாநிலம் இது. அப்படிப்பட்ட நிலையங்களின் பெஞ்சுகளில் தாயின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: இந்த வாக்கியம் எப்போதும் பிள்ளையின் எதிரில்தான் சொல்லப்படுகிறது. அதன் காதில் அது எப்படி விழும் என்று யோசித்துப்பாருங்கள். அம்மா அடிவாங்கிக்கொண்டு இருப்பது எனக்காக. நான் இல்லாவிட்டால் அவள் போய்விட்டிருப்பாள். ஏற்கெனவே தன்மேல் பழி போட்டுக்கொண்டிருக்கிற பிள்ளையிடம், உன் கணக்கு சரிதான் என்று பெரியவர்கள் கூட்டாகக் கையெழுத்துப் போட்டுத் தருகிறார்கள்.

இந்தத் தாலுகாவிலேயே, திருவாலங்காட்டுக்குப் பக்கத்தில் பழையனூர் இருக்கிறது. நீலி கதை நடந்த ஊர். திருஞானசம்பந்தர் தம் திருவாலங்காட்டுப் பதிகத்தில் குறிப்பிடுகிற அளவுக்குப் பழைய கதை. வடிவங்கள் பல உண்டு. பொதுவாகச் சொல்லப்படுவது இது. கட்டிய மனைவியை நம்பவைத்துத் திருவாலங்காட்டுப் பக்கம் கூட்டிவந்து கொன்றுவிடுகிறான் ஒருவன். மறுபிறவியில் அவன் வணிகனாகப் பிறக்கிறான். அவள் பழிவாங்கப் பேயாகத் தொடர்கிறாள். பழையனூருக்கு வந்த வணிகனை அவள் பெண்ணுருவில் மறிக்கிறாள். வழியில் ஒரு கள்ளிக் கொம்பை ஒடித்துப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டிருக்கிறாள். ஊர் வேளாளர் எழுபது பேரும் கூடுகிறார்கள். இவர் என் கணவர், என்னை விட்டுவிட்டு ஓடுகிறார் என்று அவள் அழுகிறாள். இவள் என் மனைவியே இல்லை, என்னைக் கொல்ல வந்தவள் என்று அவன் கதறுகிறான். பிள்ளையை இறக்கிவிடுகிறார்கள். அது அவனிடம் போய் 'அப்பா' என்கிறது. போதும், தீர்ப்பாகிவிட்டது. இரவு இருவரும் ஒன்றாகத் தங்கட்டும், அவனுக்கு ஏதாவது ஆனால் நாங்கள் எழுபது பேரும் உயிரைத் தருகிறோம் என்று வாக்குக் கொடுக்கிறார்கள். விடிந்தால் அவன் பிணம். சொன்ன சொல்லுக்காக எழுபது பேரும் தீயில் இறங்குகிறார்கள். அவர்கள் நினைவிடம் அங்கே இருக்கிறது.

நம் மக்கள் இந்தக் கதையில் நினைவில் வைத்துக்கொண்டவை இரண்டு. ஒன்று, வேளாளர்களின் வாக்குத் தவறாமை. மற்றது, நீலியின் கண்ணீர் நடிப்பு என்பது. அவள் கணவனால் கொல்லப்பட்டவள் என்பதே பின்னுக்குப் போய்விட்டது. எனக்கு எப்போதும் உறுத்துவது அந்தப் பிள்ளை. அதற்குப் பெயர் கிடையாது. முந்தின நாள் கிடையாது, மறுநாளும் கிடையாது. சபையில் ஒரு சொல் சொல்வதற்காக மட்டும் அது படைக்கப்பட்டது. எழுபது பெரியவர்களில் ஒருவர்கூடக் குனிந்து, நீ எங்கே தூங்கினாய், என்ன சாப்பிட்டாய், உன் அம்மா ஏன் அழுகிறாள், இந்த ஆளைப் பார்த்தால் உனக்குப் பயமா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொம்பு என்ன சொல்லியிருக்கும்? தெரிந்துபோயிருக்கும். அவர்கள் கேட்க நினைத்தது ஒன்றே ஒன்று: உன் அப்பா யார்? பதில் கிடைத்ததும், கணவன் மனைவி ஒரு ராத்திரி சேர்ந்து இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று அனுப்பிவைத்தார்கள். அந்த எழுபது பேரும் கெட்டவர்கள் இல்லை. உயிரையே கொடுத்தவர்கள். பிள்ளையை ஓர் ஆளாகப் பார்க்கத் தெரியாதவர்கள், அவ்வளவுதான். இன்றைய பஞ்சாயத்துகளிலும் குடும்ப ஆலோசனை அறைகளிலும் நடப்பது இதிலிருந்து வெகுதூரம் விலகிவிடவில்லை.

சட்டமும் அப்படித்தான் இருக்கிறது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005இல் நிறைவேறி, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. நல்ல சட்டம். பெண்ணை வீட்டைவிட்டுத் துரத்தக் கூடாது என்று சொன்ன சட்டம். உடலில் படுகிற அடியோடு சொல்லால் படுகிற அடியையும், பணத்தை மறுப்பதையும் வன்முறை என்று சொன்ன சட்டம். பிள்ளைகளைத் தற்காலிகமாகத் தாயிடம் ஒப்படைக்கவும், அவர்கள் செலவுக்குப் பணம் தரவும், பள்ளிக்குள் நுழையக் கூடாது என்று தகப்பனைத் தடுக்கவும் நடுவரால் முடியும். ஆனால் 'பாதிக்கப்பட்டவர்' என்பதற்கு அது தருகிற விளக்கம் 'பெண்' என்பதே. அவள் அக்கறை வைத்திருக்கும் ஒருவரை அடிப்பேன் என்று திரும்பத் திரும்ப மிரட்டுவது அவளுக்கு எதிரான மனரீதியான வன்முறை என்று மூன்றாவது பிரிவு சொல்கிறது. அதாவது பிள்ளையை அடிப்பேன் என்று மிரட்டினால் அது தாய்க்கு நேர்ந்த கொடுமை. தாயைப் பிள்ளையின் கண்ணெதிரில் அடித்தால் அது பிள்ளைக்கு நேர்ந்த கொடுமை என்று சொல்ல ஒரு வரியும் இல்லை. பாதுகாப்பு அலுவலர் நிரப்புகிற குடும்ப நிகழ்வு அறிக்கையில் பிள்ளைகளுக்கு இடம் உண்டு: பெயர், வயது, ஆணா பெண்ணா, இப்போது யாரிடம் இருக்கிறது. என்ன பார்த்தது, என்ன கேட்டது, இரவில் தூங்குகிறதா என்பதற்கு அங்கே இடம் இல்லை. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 75ஆவது பிரிவு பிள்ளைகளுக்கு மனத்துயரம் விளைவிக்கும் கொடுமையைத் தண்டிக்கிறது. ஆனால் அந்தப் பிரிவு நம் நினைவுக்கு வருவது பிள்ளைமேல் நேராகக் கை பட்டால்தான்.

இதைச் சட்டத்தில் எழுத முடியாததில்லை. நியூசிலாந்து 1995இலேயே எழுதியது: வீட்டில் ஒருவரைக் கொடுமைப்படுத்துவதைப் பிள்ளை பார்க்கவோ கேட்கவோ விடுவது, பிள்ளையை மனரீதியாகக் கொடுமைப்படுத்துவது. அதே மூச்சில் இன்னொன்றும் எழுதியது: அந்தக் கொடுமைக்கு ஆளானவரை, பிள்ளை பார்க்கவிட்டவர் என்று குற்றம் சொல்லக் கூடாது. இங்கிலாந்தின் 2021ஆம் ஆண்டுச் சட்டம், வீட்டு வன்முறையைப் பார்க்கிற, கேட்கிற, அதன் விளைவுகளைச் சுமக்கிற பிள்ளையையும் பாதிக்கப்பட்டவர் என்றே சொல்லிவிட்டது.

நியூசிலாந்தின் அந்த இரண்டாவது வாக்கியம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நியூயார்க் உதாரணம். அடிபட்ட தாய்களிடமிருந்து, பிள்ளையைப் பார்க்கவிட்டாய் என்று சொல்லி நகர நிர்வாகம் பிள்ளைகளைப் பிரித்துக்கொண்டுபோனது. அது அரசியலமைப்புக்கு விரோதம் என்று 2002இல் நீதிபதி ஜாக் வைன்ஸ்டீன் தீர்ப்பளிக்க வேண்டியிருந்தது. நாமும் இதைச் சட்டமில்லாமலே செய்துகொண்டிருக்கிறோம். 'ஹாஸ்டல்ல சேத்துடுங்க, புள்ளையாவது நிம்மதியா இருக்கட்டும்' என்கிறோம். ஹாஸ்டலில் சேர்ந்த பிள்ளை நிம்மதியாக இருப்பதில்லை. இங்கே இருந்தபோது என்ன நடக்கிறது என்றாவது தெரியும். இப்போது கத்தியை யார் ஒளித்துவைப்பார்கள் என்று அது அங்கே விழித்துக்கொண்டிருக்கும். வீட்டைவிட்டுப் போக வேண்டியவர் பிள்ளையும் இல்லை, தாயும் இல்லை. அடித்தவரை வீட்டைவிட்டு வெளியேறச் சொல்லும் அதிகாரம் நம் குடும்ப வன்முறைச் சட்டத்தின் 19ஆவது பிரிவின்படி நடுவருக்கு இருக்கிறது. அதைத் தயங்காமல் பயன்படுத்தினால் பள்ளியும் மாறாது, மாநிலமும் மாறாது, பிள்ளை தன் பாயிலேயே தூங்கும்.

2005ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிள்ளையைப் பாதிக்கப்பட்டவராகச் சேர்த்து, தாயைப் பழிக்கக் கூடாது என்ற வாக்கியத்தையும் கூடவே எழுதித் திருத்த வேண்டும். அதுவரை தமிழக அரசு தன் பாதுகாப்பு அலுவலர்களுக்கு ஓர் உத்தரவு போடலாம்: வீட்டுக்குப் போனால் பிள்ளையிடமும் தனியாக, பயமுறுத்தாமல், பொறுமையாகப் பேசுங்கள் என்று. அதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை.

இதைப் படிக்கிற பெரியவர்களிடம் ஒன்று கேட்கிறேன். பிள்ளைகள் முகத்தைப் பார்த்துப் பொறுத்துக்கொள் என்று இனி யாரிடமும் சொல்லாதீர்கள். சொல்லியே ஆக வேண்டும் என்றால் அடிக்கிறவனிடம் போய்ச் சொல்லுங்கள்: புள்ளைங்க மூஞ்சியப் பார்த்தாவது நிறுத்துடா என்று. பக்கத்து வீட்டில் சத்தம் கேட்டால் ஏதாவது சாக்குச் சொல்லிக் கதவைத் தட்டுங்கள். சீனி கேட்கலாம், தீப்பெட்டி கேட்கலாம். உதவிக்கு அழைக்கப் பெண்களுக்கு 181, பள்ளிப் பிள்ளைகளுக்கு 14417, எல்லாப் பிள்ளைகளுக்கும் 1098. இந்த 1098 ராத்திரியிலும் எடுக்கப்படும் எண். அதில் அழைப்பவர் பிள்ளையாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்டவர் யாரும் அழைக்கலாம்.